எங்கள் வீட்டு வெள்ளாடுகள்

பாடம் ஒப்பிக்காத பிள்ளையைப் பார்த்து, "நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று கடிந்துகொள்ளும் வழக்கம் தமிழ்நாட்டில் நெடுங்காலமாக உண்டு. நம் அன்பர்களுள் பலர் அந்த வசவைக் கேட்டு அஞ்சியே நன்கு படித்து, தில்லிக்கும் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் வேலை தேடி வந்தவர்கள். ஆடு மேய்ப்பதற்கு அறிவு ஒன்றும் வேண்டியதில்லை என்பது அவ்வசவின் உட்கருத்து. முப்பத்திரண்டு ஆண்டுகள் அலுவலகத்தில் கணக்கெழுதிய பின் ஆடு மேய்க்கப் புகுந்தவன் என்னும் உரிமையில் ஒன்று சொல்வேன்: கணக்கெழுதுவது எளிது. ஞாயிற்றுக்கிழமையன்று பேரேட்டை மூடி வைக்கலாம். ஆட்டின் வயிற்றை மூடி வைக்க இயலாது.

பணி ஓய்வு பெற்றபின் என்ன செய்வது, எங்கே இருப்பது என்னும் வினா வெளிமாநிலத்தில் வாழும் ஒவ்வொரு தமிழ்க் குடும்பத்துக்கும் ஒரு நாள் எழுகிறது. ஊருக்குத் திரும்பலாமென்றால், ஊரில் நம்மை அறிந்தவர் குறைந்துவிட்டனர். இங்கேயே தங்கலாமென்றால், இது நம் ஊர்தானா என்னும் ஐயம் விடுவதில்லை. நாங்கள் 2016-ஆம் ஆண்டு புணேயிலிருந்து திவே கணவாய் ஏறி சாஸ்வட் செல்லும் வழியில், ஒரு சிற்றூரின் ஓரமாக அரை ஏக்கர் நிலமும் இரண்டறை வீடும் அமைத்துக்கொண்டோம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள மேட்டு நிலம் அது. அத்தியும் சீதாவும் நன்கு காய்க்கும். புல் நான்கு மாதம் பசுமையாக இருந்தால் அதுவே பெரிது. பசு வளர்க்கும் எண்ணம் என் மனைவிக்கு இருந்தது. இந்நிலத்தின் நீரளவைப் பார்த்ததும் வெள்ளாட்டுக்கு இறங்கி வந்தோம்.

முதலில் வாங்கியவை இரண்டு பெட்டைகள். ஒன்று போதுமே என்று கேட்பார் உண்டு. ஆடு கூட்டத்தில் வாழும் பிராணி. தனியே கட்டப்பட்ட ஆடு தழையைத் தின்னாமல் நாளெல்லாம் கத்திக்கொண்டேயிருக்கும். ஆகவே ஆடு வளர்க்க விரும்புவோர் இரண்டிலிருந்துதான் தொடங்க வேண்டும். எங்களுடையவை உஸ்மானாபாதி என்னும் இனத்தைச் சேர்ந்தவை. அவ்வினத்துக்குப் பெயர் தந்த உஸ்மானாபாத் மாவட்டம் 2023-ஆம் ஆண்டு முதல் தாராசிவ் என்று பெயர் மாறிவிட்டது. ஆடுகளுக்கு மட்டும் பழைய பெயரே நிலைத்திருக்கிறது. பெரும்பாலும் நல்ல கறுப்பு நிறம். வறட்சியைத் தாங்கும் உடல். இரட்டைக் குட்டி ஈனுவது சாதாரணம்.

நம்மவர் வாழும் ஒவ்வொரு பகுதிக்கும் அதற்கென்று ஓர் ஆடு உண்டு. கல்கத்தா அன்பர்கள் அறிந்த கறுப்பு வங்காள ஆடு உருவில் சிறியது. குட்டி ஈனுவதில் வல்லது. அதன் தோலுக்கு மதிப்பு மிகுதி. ஆக்ரா, மதுராப் பக்கத்துப் பர்பரி ஆடு சிறு முற்றத்திலும் வளரக்கூடியது. எட்டாவா மாவட்டத்து ஜமுனாபாரி வளைந்த மூக்கும் தொங்கும் நீண்ட காதுகளும் கொண்டு அரசகுமாரன்போல் நடக்கும். பஞ்சாபுக்குப் பீட்டல், ராஜஸ்தானத்துக்குச் சிரோஹி, நம் விருதுநகர், தூத்துக்குடிச் சீமைக்குக் கன்னி ஆடும் கொடி ஆடும். கன்னி ஆட்டின் முகத்தில் இருபுறமும் கோடு இறங்கும். வெண்கோடு உடையதைப் பால்கன்னி என்றும் செங்கோடு உடையதைச் செங்கன்னி என்றும் நம் கிராமத்தார் அழகாகப் பெயரிட்டிருக்கின்றனர். 2019-ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி இந்நாட்டிலுள்ள வெள்ளாடுகள் 14 கோடியே 88 லட்சம். அவற்றுள் பெரும்பகுதி பண்ணைகளில் இல்லை; எங்களைப்போல் இரண்டு, மூன்று, ஐந்து என்று வைத்திருக்கும் சிறு வீடுகளின் கொல்லைகளிலேயே இருக்கின்றன.

நிற்க. எங்கள் அன்றாட வாழ்வைச் சிறிது கூறுகிறேன். விடியுமுன் ஆடுகள் கனைக்கத் தொடங்கும். என் மனைவி கறவைக்கு உட்காருவாள். நான் கொட்டிலைக் கூட்டிப் புழுக்கையை அள்ளி எருக்குழியில் சேர்ப்பேன். ஈரக் கொட்டில் நோய்க் கொட்டில் என்பது இத்தொழிலின் முதற்பாடம். ஆடு குளிரைப் பொறுக்கும். காலடி ஈரத்தைப் பொறுக்காது. வெயில் ஏறியதும் வேலியோரமாக ஓட்டிச் செல்வேன். ஆடு பசுவைப்போல் தலை தாழ்த்தி நெடுநேரம் புல் மேய்வதை விரும்புவதில்லை. நிமிர்ந்து தழை கடிப்பதே அதன் இயல்பு. பின்னங்கால்களில் எழுந்து நின்று கருவேலங்கிளையை வளைக்கும்போது, வாழ்வில் முன்னேற விரும்பும் இளைஞன் ஒருவனைக் காண்பதுபோல் இருக்கும். மாலையில் அகத்தியும் சவுண்டலும் வெட்டிக் கட்டித் தொங்கவிடுவோம். தரையில் போட்டு மிதிபட்டதை ஆடு மீண்டும் தொடாது. எதையும் தின்னும் என்று பெயர் பெற்ற இப்பிராணி உண்மையில் எவ்வளவு பொறுக்கித் தின்பது என்பதை வளர்ப்பவர் மட்டுமே அறிவர்.

சீதா இலையை அது தின்னாது. அதனால்தான் இங்குள்ளோர் வரப்பெங்கும் சீதா நட்டிருக்கின்றனர். ஆடாதோடையையும் தொடாது. ஆடு தொடாத இலை என்பதே அப்பெயரின் பொருள் என்று நம்மவர் கூறுவர். அந்தத் தென்னாட்டுப் பெயர் தாவர நூலாரின் லத்தீன் பெயரிலும் ஏறியிருக்கிறது. மராத்தியர் அச்செடியை அடுள்சா என்கின்றனர். இருமலுக்கு அதன் இலையைக் கஷாயம் வைப்பது இரு நாட்டாருக்கும் பொது. இவ்வாறு ஆட்டின் பின்னே நடந்து நடந்து, நாற்பது ஆண்டுகள் இம்மாநிலத்தில் இருந்தும் நான் அறியாத மரஞ்செடிகளின் பெயர்களை எல்லாம் இரு மொழியிலும் கற்றேன்.

2018-ஆம் ஆண்டு மழை பொய்த்தது. மகாராஷ்டிர அரசு 151 வட்டங்களை வறட்சிப் பகுதிகள் என்று அறிவித்த ஆண்டு அது. அக்கம்பக்கத்தில் சிலர் மாடுகளைத் தீவனமின்றி விற்றனர். ஆடுகளோ காய்ந்த கருவேல நெற்றையும், கடபா என்று இங்கே வழங்கும் உலர்ந்த சோளத்தட்டையையும், வேப்பந்தழையையும் தின்று, பால் வற்றினாலும் உயிர் வற்றாமல் கோடையைக் கடந்தன. வெள்ளாட்டை ஏழையின் பசு என்று கூறுவது வெறும் உபசாரமன்று என்பதை அவ்வாண்டில் கண்ணாரக் கண்டோம்.

ஆயினும் ஆட்டின் உயிர் கெட்டியானது என்று எண்ணிவிடலாகாது. பசியைத் தாங்கும் அப்பிராணி மிகுதியைத் தாங்காது. மூட்டை அவிழ்ந்து கிடந்த தானியத்தை ஒரு வேளை வயிறார உண்டால் அதன் குடல் புளித்து, வயிறு உப்பி, மறுநாள் காலைக்குள் மாய்ந்துவிடக் கூடும். துள்ளுமாரி என்னும் நோய் மழை பெய்து புது இளம்புல் முளைக்கும் நாளில், கொழுத்த ஆட்டைத்தான் முதலில் கொண்டுபோகும். அதற்கு மழைக்கு முன்பே தடுப்பூசி போட வேண்டும். ஆட்டுக்கொல்லி நோய் எனப்படும் மற்றொன்று மூக்கொழுகல், வாய்ப்புண், கழிச்சல், சளிக்காய்ச்சல் என்று வந்து மந்தையையே வாரிவிடும். இந்தியாவில் அந்நோய் முதன்முதல் கண்டறியப்பட்டது 1987-ஆம் ஆண்டில், நம் தமிழ்நாட்டிலேதான். அதற்கு இப்பொழுது நம் நாட்டு விஞ்ஞானிகளே ஆக்கிய நல்ல தடுப்பூசி உண்டு. மாட்டினத்தை அழித்துவந்த வெக்கை நோய் 2011-ஆம் ஆண்டு உலகத்திலிருந்தே ஒழிக்கப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லியையும் 2030-ஆம் ஆண்டுக்குள் அவ்வாறே ஒழித்துவிட வேண்டுமென்று உலக நாடுகள் முயன்று வருகின்றன. ஊசிக்கு நாள் குறித்து வைப்பதில் மட்டும் என் பழைய அலுவலகப் பழக்கம் பயன்படுகிறது.

இனி எங்கள் அண்டைவீட்டு ஆஜியைப் பற்றிக் கூற வேண்டும். ஆஜி என்றால் மராத்தியில் பாட்டி. எழுபது வயதைத் தாண்டியவர்; நான்கு ஆடுகள் வைத்திருப்பவர். முதல் ஆண்டில் எங்களுக்கும் அவருக்கும் இருந்த உறவு, வேலிக்கு இப்பாலும் அப்பாலும் நின்று தலையசைப்பதோடு முடிந்தது. என் மனைவி புணேயில் தமிழ்க் குடும்பங்களிடையே வாழ்ந்தவள். மராத்தியில் கடைக்காரரிடம் பேசும் அளவுக்கு மேல் அறியாள்.

ஆட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். நாட்கணக்கு நிரம்பிய ஓர் இரவில் எங்கள் மூத்த ஆடு வலியெடுத்து முக்கியது; நீர்க்குடம் உடைந்தது; ஆனால் குட்டி வரவில்லை. குட்டி முன்னங்கால் இரண்டும் அவற்றின்மேல் மூக்குமாக நீந்துவார்போல் வெளிவருவதே முறை. இங்கே ஒரு கால் மட்டும் தெரிந்தது. மருத்துவர் வரும் வரை ஆடு தாங்குமா என்று தெரியவில்லை. என் மனைவி லாந்தருடன் வேலியருகே ஓடி, "ஆஜி, ஷேளி!" என்று மட்டும் கூவினாள். ஆடு என்பதற்கு மராத்திச் சொல் அது. வேறு சொல் தேவைப்படவில்லை.

ஆஜி வந்தார். வளையல்களைக் கழற்றி வைத்தார். முழங்கை வரை சோப்பிட்டுக் கழுவினார். எண்ணெய் கேட்டு வாங்கித் தடவிக்கொண்டார். ஆடு முக்குவதை நிறுத்தும் வேளை பார்த்துக் குட்டியை மெல்ல உள்ளே தள்ளி, மடங்கிக் கிடந்த மற்றக் காலைக் குளம்பை உள்ளங்கையால் மூடியவாறு நேராக்கினார். பிறகு ஆட்டின் முக்கலுக்கு இசைய இழுத்தார். முதற்குட்டி விழுந்தது, அசையவில்லை. அதன் மூக்கைத் துடைத்து, பின்கால்களைப் பிடித்து ஒரு வீச்சு வீசினார், தும்மிற்று. கால்நாழிகையில் இரண்டாவது குட்டி தானே வந்தது. ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் குட்டிகளுக்கு ஊட்டிவிட வேண்டுமென்று சைகையாலேயே என் மனைவிக்குக் காட்டினார். பிறகு எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து காப்பி குடித்தார். அவர் காப்பி குடித்தது வாழ்வில் அன்றுதான் முதல் தடவை என்பதைப் பிற்பாடு அறிந்தோம். கசக்கிறது என்று முகம் சுளித்தவர், இப்பொழுது மாலை நான்கு மணிக்குத் தாமே கேட்கிறார்.

அன்று பிறந்த இரண்டில் ஒன்று பெட்டை, மற்றது கிடா. இங்கேதான் ஆடு வளர்ப்பவர் எவரும் விலகிச் செல்ல இயலாத கேள்வி எழுகிறது. நம் இதழில் பலர் இதை எழுதத் தயங்குவர். ஆகவே வெளிப்படையாகவே எழுதுகிறேன். எங்கள் வீட்டில் புலால் உண்ணும் வழக்கமில்லை. பாலுக்காகவே ஆடு வளர்க்கிறோம். ஆனால் ஆடு ஈனாமல் பால் இல்லை. ஈன்றால் ஏறக்குறையப் பாதி கிடாக்கள். பத்துப் பெட்டைகளுக்கும் மேலாக ஒரு பொலிகிடா போதும். எஞ்சிய கிடாக்களுக்கு இந்நாட்டில் ஒரே வழிதான் உண்டு. அவ்வழி எங்கே செல்கிறது என்பதை எல்லோரும் அறிவோம்.

"ஒன்றையும் விற்க வேண்டாம், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளலாம்" என்று விடுமுறைக்கு வந்த பேத்தி கண்ணீர் விட்டாள். அரை ஏக்கர் நிலம் எத்தனை ஆடுகளைத் தாங்கும்? நான் பேரேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன். தீவனம், உப்புக்கட்டி, மருந்து, கொட்டில் செப்பனிடல் ஆகியவற்றுக்குப் பாலும் எருவும் ஈடாகவில்லை. கிடாக்களை விற்ற பணம் சேர்ந்தால்தான் வரவும் செலவும் ஒருவாறு நேராயிற்று. அப்படியாயின் நாம் குடிக்கும் பாலில் அக்கிடாவின் பங்கும் இருக்கிறதென்பது கணக்கே சொல்லும் உண்மை.

காந்தியடிகளுக்கும் இவ்வகையில் ஒரு நெருக்கடி நேர்ந்ததை அன்பர்கள் அறிவர். பசுவையும் எருமையையும் துளியும் விடாது கறப்பதற்காகச் செய்யப்பட்ட கொடுமைகளைக் கேள்வியுற்று, 1912-ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்காவில் அவர் பாலையே துறந்தார். பின்னர் இந்தியாவில் 1918-ஆம் ஆண்டு கடும் நோயுற்றுத் தளர்ந்தபோது, ஆட்டுப்பால் அந்த விரதத்தில் அடங்காதே என்று கஸ்தூரிபா அம்மையார் எடுத்துக் கூற, அதை ஏற்றுப் பிழைத்தார். சொல்லைக் காத்தேன், அதன் உட்பொருளைக் காக்கவில்லை என்னும் வருத்தம் அவருக்குத் தீரவே இல்லை. தம் சுயசரிதத்தில் அதை ஒளியாமல் எழுதியிருக்கிறார். அப்பால் வாழ்நாளெல்லாம், எங்களுக்கு அண்மையிலுள்ள எரவாடாச் சிறையில் இருந்த நாட்களிலும், ஆட்டுப்பாலே அவர் உணவாயிற்று. அவருக்கே தீராத கேள்வியை நாங்கள் தீர்த்துவிட்டதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

நம் முன்னோர் இதை வேறு வகையில் நோக்கினர். சங்க இலக்கியத்தின் முல்லை நிலத்தில் ஆடு மேய்ப்போர் புல்லினத்தாயர் எனப்பட்டனர். சோழர் காலத்தில் கோயில் விளக்கு அணையாதிருக்க ஆடுகளையே நிவந்தமாக அளித்தனர். தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்பது கணக்கு. ஆடுகளை ஏற்ற இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். அவ்வாடுகளைக் கல்வெட்டுக்கள் 'சாவா மூவாப் பேராடு' என்று குறிக்கின்றன. சாகாத, மூப்படையாத ஆடுகள்! சாகாத ஆடு உலகில் ஏது? செத்ததற்கும் மூத்ததற்கும் ஈடாகக் குட்டியை நிறுத்தி, எண்ணிக்கை குறையாமல் காப்பது இடையரின் கடமை என்பதே அதன் பொருள். மந்தை சாவதில்லை, ஆடு சாகும். அந்த இரண்டையும் ஒருசேர மனத்தில் தாங்குவதுதான் ஆடு மேய்க்கும் கல்வி போலும்.

முடிவை என் மனைவியே கூறினாள். "பாலைக் குடித்துவிட்டு, கிடாவை யாரோ கண் காணாத வியாபாரிக்குத் தள்ளிவிட்டு, நமக்குத் தெரியாது என்று இருப்பது வேண்டாம். விற்பதானால் முகம் தெரிந்தவரிடம் விற்போம். லாரியில் மூட்டைபோல் ஏற்றிக் கொண்டுபோகிறவருக்குக் கொடுக்க வேண்டாம். பால் கொடுத்து ஓய்ந்த ஆட்டை மட்டும் எந்நாளும் விற்க வேண்டாம்" என்றாள். அவ்வாறே நடந்து வருகிறோம். மூன்று கறவைக்கு மேல் வைத்துக்கொள்வதில்லை. நல்ல உடற்கட்டுள்ள கிடாவைப் பொலிகிடாவாக வேண்டுவோருக்கு முதலில் சொல்லி அனுப்புகிறோம். பிறவற்றை ஊரிலேயே கொடுக்கிறோம். கொடுக்கும் நாளன்று என் மனைவி கொல்லைப்பக்கம் வருவதில்லை; ஆனால் எந்த வீட்டுக்குப் போயிற்று என்று மாலையில் தவறாமல் கேட்டுக்கொள்கிறாள். அன்றிரவு வந்த ஆடு இப்பொழுது பல்லுதிர்ந்து, மடி வற்றி, வேப்பமரத்தடியில் அசைபோட்டவாறு படுத்திருக்கிறது. அதற்கு மட்டும் தழையை நறுக்கிப் போடுகிறோம். பேரேட்டில் அதற்கு வரவுப் பக்கம் இல்லை.

ஆடு வந்தபின் எங்கள் வாழ்வில் நேர்ந்த பெரிய மாறுதல் மற்றொன்று. முன்னெல்லாம் மே மாதம் பிறந்தால் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்பட்டுவிடுவோம். பூட்டிய வீட்டுக்கு அண்டையார் எதற்கு? ஆடு உள்ள வீட்டைப் பூட்ட முடியாது. இப்பொழுது கோடையில் நாங்கள் ஊருக்குச் செல்லும் பதினைந்து நாளும் எங்கள் ஆடுகள் ஆஜியின் கொட்டிலில் இருக்கின்றன. ஆனி மாதத்தில் ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பல்லக்கு புணே வழியாக வந்து, திவே கணவாய் ஏறிச் சாஸ்வட் அடைகிறது. ஆயிரக்கணக்கானோர் தாளமும் மிருதங்கமுமாகப் பாடிச் செல்வர். ஆஜியும் துளசிமாலை அணிந்து அவர்களோடு பண்டரிபுரம் வரை நடக்கிறார். அந்நாட்களில் அவருடைய ஆடுகள் எங்கள் கொட்டிலில் இருக்கும். பல ஆண்டுகள் ஆடுகளை விட்டுச்செல்ல ஆளின்றி அந்த யாத்திரையை அவர் ஒத்திப்போட்டிருந்தாராம்.

மழைக்காலம் முடிந்ததும் தங்கர் எனப்படும் இவ்வூர்ப்பக்க இடையர் ஆட்டு மந்தைகளையும், சட்டிபானை ஏற்றிய குதிரைகளையும் ஓட்டிக்கொண்டு கொங்கணம் நோக்கிச் செல்கின்றனர். வழியில் உழவர் அவர்களைத் தம் வயலில் இரவு தங்கச் செய்து, அதற்குத் தானியம் கொடுக்கின்றனர். நம் ஊரில் கிடை போடுதல் என்று இதையே சொல்கிறோம். அவர்கள் எங்கள் வேலியோரம் தங்கிய இரவில் அச்சொல்லை நான் ஆஜியிடம் சொன்னேன். அன்று முதல் அவரும் கிடை என்றே சொல்கிறார்.

ஓய்வுக்காலத்தில் சிறு நிலம் வாங்கி ஆடு வளர்க்க எண்ணும் அன்பர்களுக்கு இறுதியாகச் சில சொற்கள். இரண்டு பெட்டையுடன் தொடங்குங்கள். அப்பகுதிக்கே உரிய இனத்தை வாங்குங்கள். பெயர் பெற்ற வெளியூர் ஆட்டை நாடாதீர்கள். கொட்டில் மேட்டில் இருக்கட்டும். கால்நடை மருந்தகம் எங்கே என்பதை ஆடு வாங்கும் முன்பே விசாரியுங்கள். ஆட்டுப்பால் எளிதில் செரிப்பது உண்மை. ஆயினும் கைக்குழந்தைக்குத் தாய்ப்பாலுக்கு மாற்றாக அதைக் கொடுக்கலாகாது. கிடாக்குட்டியைப் பற்றிய முடிவைக் கணவனும் மனைவியும் முதல் ஈற்றுக்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். வேலிக்கு அப்பால் இருப்பவர் யார், அவர் எதை வளர்க்கிறார், எந்த மொழியில் அதை அழைக்கிறார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். ஆட்டுக்குத் தழையும் நீரும் எவ்வளவு தேவையோ, வளர்ப்பவர்க்கு அயலாரும் அவ்வளவு தேவை. எங்களை இன்று யாரேனும் எந்த ஊர் என்று கேட்டால், முன்போல் தயங்காமல் இச்சிற்றூரின் பெயரையும் சேர்த்தே சொல்கிறோம்.